கன்னி மூலையில் எண்பது கிலோ

வீட்டிலேயே ஜிம் வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் தணிகாசலம் சோறு பிசைவதைக்கூட நிறுத்தவில்லை.

"மொதல்ல நாம நிக்க எடம் இருக்கான்னு பாரு. அப்பால ஜிம் வைக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வியாசர்பாடியில் பதினாலு மாடி அடுக்ககம், அதில் மூன்றாவது மாடியில் முந்நூற்று அறுபது சதுர அடி வீடு எங்களுடையது. கட்டிலைப் போட்டால் படுக்கையறைக் கதவு பாதிதான் திறக்கும். துணிக்கொடிக்குக் கீழே குனிந்துதான் பாத்ரூமுக்குப் போகவேண்டும். ஆனால் எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. இருபத்துமூன்றில் மாநிலப் போட்டி மேடையில் கம்பி என் கையைவிட்டு நழுவியது. அதோடு கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூடச் சமையல் வேலை என்று இருபத்துநாலு வருடம் ஓடிப்போயிற்று. மூத்தோருக்கான பளுதூக்கும் போட்டி வரப்போகிறது என்று தெரிந்த நாள் முதல் உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது.

இரும்பு வாங்க முடியாது. முன்பு யாரோ இரும்புத் தட்டைக் கீழே வைத்ததில் கீழ் வீட்டு டம்ளர் ஆடுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தார்கள். பக்கத்து ஜிம்மில் பெண்களுக்கான நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் நான் நானூறு பிள்ளைகளுக்குச் சாதம் வடித்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் எடைப்பலகை சந்தைக்கு வந்தது.

கேரம் போர்டு அளவில் ஒரு பலகை. அதன் மேல் இரண்டு தாங்கிகள், தாங்கிகளில் உள்ளீடற்ற ஒரு குழாய். தாங்கியில் இருக்கும்வரை அது வெறும் குழாய்தான், சுண்டுவிரலால் தூக்கலாம். பலகையின் ஓரத்தில் எண்கள் போட்ட ஒரு திருகு. அதை நாற்பதில் வைத்துத் தூக்கினால் நாற்பது கிலோ, எண்பதில் வைத்தால் எண்பது. கையிலிருந்து விட்டால் அந்த நொடியே எடை போய்விடும். சத்தம் இல்லை, தட்டு இல்லை, கீழ் வீட்டு டம்ளருக்கும் ஆபத்து இல்லை.

பொருத்த வந்தவர் ஜெபராஜ், நாகர்கோவில்காரர். எங்கே வைப்பது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார்.

"கனமான சாமான் கன்னி மூலைலதான் இருக்கணும். தென்மேற்கு. அதுல மட்டும் பேச்சு கெடையாது."

"எல்லா வீட்லயும் இதத்தான் சொல்லுகாங்க சார்" என்று சிரித்தார் ஜெபராஜ். "எங்க கம்பெனிக்கும் அதான் வசதி."

என்ன வசதி என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அந்த மூலையில் இருந்த பீரோவை ஹாலுக்குத் தள்ளினோம். பலகையை நாலு போல்ட் போட்டுத் தரையில் இறுக்கினார். கட்டிலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தி, ஓரத்தை பெஞ்ச்சாக்கிக்கொண்டேன். பீரோக் கதவின் கண்ணாடியில் என் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம், அறைக் கதவு, பீரோக் கதவு இரண்டையும் சரியான கோணத்தில் திறந்துவைத்தால். மொத்த ஜிம்மும் ஒன்பது சதுர அடி. எனக்கு அரண்மனையே கிடைத்த மாதிரி இருந்தது.

தினமும் மாலை ஐந்தரைக்குத் தூக்குவேன். ஒரு மாதத்தில் நாற்பதிலிருந்து எண்பதுக்கு வந்தேன். பழைய பயம் கையில் இருந்ததால், தூக்கிய குழாயைப் பிடித்தபடியே நிற்பதைத்தான் அதிகம் பழகினேன். எண்பது கிலோவை முழுதாக ஒரு நிமிடம் பிடித்து நின்ற அன்று, என் கணவருக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் மேல் வீட்டுப் பரிமளம் அக்கா ஒரு தட்டு கேசரியோடு வந்து நின்றார்.

அவர் கணவர் எத்திராஜ் அண்ணன், முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாதம் அடித்து இடது கால் விழுந்துபோய் எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். நாற்பது பேர் நெரிசலில் கடைசிப் படிவரைக்கும் கேட்ட குரல், இப்போது தண்ணீர் கேட்கக்கூட எழும்பாது.

"குணா, அவரு நேத்து எயுந்து நின்னாரு!" என்றார் அக்கா. கண்ணில் நீர் நின்றது. "கொஞ்ச நாளாவே சாய்ங்காலம் ஆனா தானா ஒக்காருறாரு. புது எண்ணெதான் வேலை செய்யுதுன்னு நெனைச்சேன். நேத்து நின்னே புட்டாரு. ஒரு நிமிசம் நின்னாரு. அப்பால, யாரோ புடிச்சித் தள்ளுன மாரி பொத்துனு கட்டில்ல உய்ந்தாரு."

"எத்தினி மணிக்குக்கா?"

"அஞ்சரை, அஞ்சே முக்கால் இருக்கும். இன்னாத்துக்குக் கேக்குற?"

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அக்கா போனதும் ஜெபராஜுக்குப் போன் போட்டேன். இலவச சர்வீஸ் பாக்கி இருந்ததால் அன்று மதியமே வந்தார்.

"இந்த எடை எங்கருந்து வருது?" என்று கேட்டேன்.

"எடை சும்மா வருமாம்மா? ஒரு எடத்துல எடுத்தாத்தான் இன்னொரு எடத்துல வைக்க முடியும். மேல இருக்கிறதுலேர்ந்து எடுக்கும். பலகைக்கு நேர் மேலே, பத்துப் பன்னெண்டு அடிக்குள்ள என்ன இருக்கோ அதுலேர்ந்து. தூக்கி வச்சிருக்கிற வரைக்கும், அது கொஞ்சம் நகர்ந்தாலும் விடாது."

"அதாவது மேல் வீட்லருந்து."

"மேல் வீட்டு பீரோவுலேர்ந்து" என்று திருத்தினார். "நம்மூர்ல கன்னி மூலையில யாரும்மா பீரோ வைக்காம இருக்கா? துணி, பாத்திரம், பத்திரம்னு எப்படியும் நூத்தம்பது கிலோ நிக்கும். அதுலேர்ந்து ஒரு மணி நேரம் எண்பது கிலோ போனா பீரோவுக்குத் தெரியவா போவுது? அத நம்பித்தான் கம்பெனி இதையே பண்ணிச்சு."

"மேல பீரோ இல்ல சார். ஆளு படுத்துக்கினு கீறாரு."

ஜெபராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. வீட்டுத் தலைவன் கன்னி மூலையில் படுத்தால்தான் உடம்பு தேறும் என்று யாரோ சொல்லி, அக்கா பீரோவை நகர்த்திவிட்டு அங்கே கட்டிலைப் போட்டிருந்தார். நான் எண்பது கிலோவைத் தூக்கியபோதெல்லாம் எத்திராஜ் அண்ணனின் எடையில் பாதி என் கைக்கு வந்திருக்கிறது. மீதி, கட்டிலிலிருந்தும் மெத்தையிலிருந்தும். நான் குழாயை வைத்த நொடியில் அவருடைய எடை மொத்தமும் அவர் மேலேயே போய் விழுந்திருக்கிறது. அவரைத் தள்ளிவிட்டது நான்தான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் ஜெபராஜ். "கட்டில ஹாலுக்கு மாத்திட்டு பீரோவை பழைய எடத்துல வைக்கச் சொல்லுங்க. நீங்க நூறுகூடத் தூக்கலாம்."

"அவரு?"

"அவரு... முந்தி மாதிரியே இருப்பாரு."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். போட்டிக்கு ஒன்பது வாரம் இருந்தது. ஒரு கணம், ஒரே கணம், பீரோவை நகர்த்தச் சொன்னால் என்ன என்று நானும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மேலே போய் உண்மையைச் சொன்னேன். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எத்திராஜ் அண்ணன் விட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் நிக்கலையா?" என்றார். வார்த்தை குழறியது. "நீ தூக்கி வெச்சிருந்தியா?"

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நின்றவரிடம் அந்த ஒரு நிமிடத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் நஸ்ரீன் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சு பெரிய டாக்டர் மாதிரி.

"ஆன்ட்டி, நிறுத்தாதீங்க. ஆனா இப்டியே தூக்கிட்டும் இருக்காதீங்க."

"புரியறா மாரி சொல்லும்மா."

"எடையே இல்லாம நின்னா கால் அத நிக்கிறதா எடுத்துக்காது. எலும்பு இளைச்சிடும், தசை சோம்பேறி ஆயிடும். அதனால அவரோட எடைய அவருக்கே திருப்பிக் குடுத்துட்டு வரணும். வாரத்துக்கு அஞ்சு கிலோ. அம்பதுல ஆரம்பிங்க. நாப்பத்தஞ்சு, நாப்பது, முப்பத்தஞ்சு... கடைசில நீங்க வெறும் குழாயைத்தான் தூக்கணும். அவர் முழுசா அவரைத் தூக்கணும்."

மற்றவர்கள் வாரா வாரம் எடையைக் கூட்டிக்கொண்டு போட்டிக்குப் போவார்கள். நான் குறைத்துக்கொண்டே போகவேண்டும். உலகத்திலேயே இப்படிப் பயிற்சி எடுத்த ஒரே லூசு நானாகத்தான் இருப்பேன் என்று நஸ்ரீனிடம் சத்தமாகவே புலம்பினேன். அவள் சிரித்தாள். நான் திருகை ஐம்பதில் வைத்தேன்.

எத்திராஜ் அண்ணன் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. "பொம்பள என்னைத் தூக்குறதா" என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தார். "முப்பது வருசம் படில தொங்குனவன எல்லாம் உள்ள இழுத்துப் போட்டியே, அவன்லாம் வெக்கமா பட்டான்?" என்று அக்கா கேட்ட பிறகுதான் அடங்கினார்.

ஐந்தரைக்கு நான் ஒட்டடைக் குச்சியால் விட்டத்தை இரண்டு தட்டு தட்டுவேன். தூக்கப்போகிறேன் என்று அர்த்தம். அவர் எழுந்து கட்டிலோரம் நடந்து முடித்து உட்கார்ந்த பிறகு அக்கா மேலே இருந்து குழவியால் ஒரு தட்டு தட்டுவார். அதுவரை நான் குழாயை வைக்கவே முடியாது. வைத்தால் அவர் விழுவார். முன்பு கை வலித்தால் வைத்துவிடுவேன். இப்போது தோள் எரிந்தது, விரல் மரத்தது, மூக்கு நுனியில் வியர்வை அரித்தது. சொறிந்துகொள்ளக் கை இல்லை. என் கணவரைக் கூப்பிட்டால் அவர் துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு, "மேல இன்னா, ஊர்கோலமா போறாரு?" என்பார். ஐம்பது கிலோவை ஒன்றரை நிமிடம் பிடித்தேன். முப்பத்தைந்தை மூன்று நிமிடம். இருபத்தைந்து கிலோ வந்தபோது ஐந்து நிமிடமாகியும் குழவிச் சத்தம் கேட்கவில்லை. மேலே ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையில் அவர் காலடி போய் வந்து போய் வந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திட்டிக்கொண்டே நின்றேன். சந்தோஷத்தில்தான் திட்டினேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெபராஜ் இன்னொருவரோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"பலகையெல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. இன்னொரு ஊர்ல, மேல் வீட்டுல கன்னி மூலைல தூளி கட்டியிருக்காங்க. கைக்குழந்தை அதுல தூங்குறப்ப எல்லாம் கீழ ஒருத்தர் தூக்கியிருக்காரு. பிள்ளைக்குக் கழுத்து நிக்கல, காலை ஊணல. நாலு மாசமா ஏன்னு தெரியாம அந்தத் தாய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருக்கா."

"இப்போ?"

"தூளிய மாத்தினதுக்கப்புறம் தேறிட்டு வருது. நம்ம கம்பெனில யாரும் பலகை வைக்கறதுக்கு முன்ன மேல போயி ஒரு வார்த்தை கேக்கல. பீரோதான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டோம். நானும்தான்."

நாலு போல்ட்டையும் அவரே கழற்றினார். பதிலுக்குப் புரசைவாக்கத்தில் ஒரு பெரிய ஜிம்முக்கு மூன்று மாத அனுமதி அட்டை கொடுத்தார். மாலையிலும் திறந்திருக்குமாம். இரும்பு, மேடை, எல்லாம் உண்டாம். நான் அட்டையைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த நாலு ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகு இருபதில் இருந்தது. எத்திராஜ் அண்ணனுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுக்கத் திருகில் இன்னும் இருபது பாக்கி.

நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். பலகை போனதைச் சொன்னேன்.

"காலுல பலம் வந்திடுச்சு ஆன்ட்டி. பயம்தான் போகல. நீங்க தூக்குறீங்கங்கற தைரியத்துலதான் எழுந்துக்கறார்."

"பலகை போச்சுன்னு சொன்னா மறுபடி செவுத்தப் பாத்துப் படுத்துப்பாரு."

"அப்ப சொல்லாதீங்க" என்றாள். "நாளைக்கு அஞ்சரைக்கு நான் அவர் பக்கத்துலயே இருக்கேன். விழ விடமாட்டேன்."

மறுநாள் ஐந்தரை. ஒட்டடைக் குச்சியை எடுத்து விட்டத்தை இரண்டு தட்டு தட்டினேன். பிறகு, நாலு ஓட்டைக்கு நடுவில் போய்க் கால் அகற்றி நின்று, இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பண்ற?"

"தூக்கிக்கினு கீறேன்."

"எத்தை?"

"உஷ்."

மேலே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. அவர் விழுந்தால், இடுப்பெலும்பு போனால், பொய் சொன்னவள் நான். ஓடிப்போய் நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று கால் ஒன்று முன்னால் போய்விட்டது.

தொம். ஒரு காலடி. பழைய காலடிகளைவிடக் கனமாக இருந்தது. அதன் பின் ஒரு இழுப்புச் சத்தம். இன்னொரு தொம். ஜன்னல்வரை ஆறடி போயிற்று. நின்றது. திரும்பி ஆறடி வந்தது. குழவி ஒரு தட்டு தட்டியது. நான் வெறும் கையைத் தளர்த்தித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போலத் துண்டால் என் மூக்கைத் துடைத்தார்.

அடுத்த இருபது நாளும் அதே நாடகம்தான். ஐந்தரைக்குத் தட்டுவேன், சும்மா நிற்பேன், காலடி முடிந்ததும் பஸ் பிடித்துப் புரசைவாக்கம் போய் நிஜ இரும்பைத் தூக்குவேன். முதல் நாளே தொண்ணூறு கிலோ வந்தது எனக்கே நம்பமுடியவில்லை. ஆறு வாரம் பிடித்துக்கொண்டே நின்றதில் விரல் பத்தும் கொக்கியாகியிருந்தன.

போட்டி செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நூற்று இரண்டரை கிலோ. எனக்கு முன்னால் போன பெண்மணி என்னைவிடப் பலசாலி, பார்த்தாலே தெரிந்தது. முட்டிவரை தூக்கியவரின் கையிலிருந்து கம்பி நழுவி விழுந்தது. எனக்கு நழுவவில்லை. நடுவர் இறக்கச் சொன்ன பிறகும் ஒரு நொடி பிடித்துக்கொண்டே நின்றேன், எங்கோ மேலே ஒருவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்பதுபோல. தங்கம். என் வயதில், என் எடைப் பிரிவில் மொத்தம் மூன்று பேர்தான் என்பதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

பதக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே முக்கால். செருப்பைக்கூடக் கழற்றாமல் குச்சியை எடுத்துத் தட்டினேன். காத்திருந்தேன். மேலே சத்தம் இல்லை. மறுபடி தட்டினேன். ஒன்றும் இல்லை.

பதறிப்போய்க் கதவைத் திறந்துகொண்டு மாடிப்படியில் ஏறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எத்திராஜ் அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் அக்கா, "மெள்ள, மெள்ள" என்று கத்திக்கொண்டே வந்தார். நஸ்ரீன் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள், ஆனால் தொடவில்லை.

"எங்கம்மா ஓடுற?" என்றார் அவர். "கெலிச்சியா?"

"கெலிச்சேன். அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பலகை..."

"மூணு வாரமா இல்ல. தெரியும்."

நான் நஸ்ரீனைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரங்க மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வந்தாங்க" என்றார் அண்ணன். "மேல் வூட்ல ஒத்துக்கினா, மூணு மாசம் வெச்சிருக்கலாம், ஆளுக்கு ஒதவியா கீதுன்னு எய்தித் தாங்கன்னாங்க. நான் வேணாம், எடுத்துருங்க, உன்கிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு கையெயுத்துப் போட்டேன். நீ வாரா வாரம் எடையக் கொறச்சிக்கினே போற, உனக்குப் போட்டி கீது. எத்தினி நாளு என்னியே தூக்கிக்கினு நிப்ப? மறுநாளு பார்த்தா, இல்லாத பலகைல நின்னுக்கினு டக்கு டக்குனு தட்டுற. எனக்குச் சிரிப்புத் தாங்கல. நீ தட்டுனப்பறம் நான் நடக்காம இருக்க முடியுமா?"

அந்த ஆறடியை அவர் தெரிந்தேதான் நடந்திருக்கிறார். என் கை வெறும் கை என்று தெரிந்தே முதல் காலை ஊன்றியிருக்கிறார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பிடித்தேன் என்று பேர்தான், எடை எதுவும் என் கையில் விழவில்லை.

போட்டிக்காகத் தினமும் என் எடையைப் பார்த்த இயந்திரம் ஹாலில் கிடந்தது. அவர் அதைக் கண்டதும் நின்றார். "ஏறட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வலது காலை வைத்தார். பிறகு இடது காலைக் கையால் தொடாமல் தானே தூக்கி வைத்தார்.

எண்கள் ஓடி நின்றன. எழுபத்தொன்று.

"இதுல உன் பங்கு எவ்ளோ?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் உங்களுதுதான்."

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கடைசிப் படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, "எயுபத்தொண்ணு!" என்று கத்தினார். கீழே இரண்டாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.